சிரைதான், ஆனால் சுத்த ரத்தம்: தொப்புள் சிரையும் அதன் கோளாறுகளும்

கருவுற்ற ஐந்தாம் மாதத்தில் எடுக்கும் விரிவான ஸ்கேனின் அறிக்கையில், எப்போதாவது சிலருக்கு இப்படி ஒரு வரி வந்துவிடுகிறது: ‘வலது தொப்புள் சிரை மறையாமல் நீடிக்கிறது.’ வேறு சிலருக்கு, ‘வயிற்றுக்குள் தொப்புள் சிரை விரிந்து காணப்படுகிறது’ என்று வரும். தலை, முதுகெலும்பு, கை, கால், இதயத்துடிப்பு எல்லாம் சரி என்று படித்துக்கொண்டே வந்த கண்கள் அந்த வரியில் வந்து நின்றுவிடும். அன்று இரவு தூக்கம் போய்விடும். இணையத்தில் தேடினால், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பிரேதப் பரிசோதனைக் குறிப்பும் அண்மைக்கால ஸ்கேன் ஆய்வும் அடுத்தடுத்து வந்து விழும். ஒன்று பயமுறுத்தும், இன்னொன்று ஆறுதல் சொல்லும்.

அந்த வரியைப் பார்த்துப் பதறுவதற்கு முன், அந்தச் சிரை எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தொப்புள் சிரையின் கோளாறுகளில் பெயரைவிட வழிதான் முக்கியம். ரத்தம் கடைசியில் எங்கே போய்க் கலக்கிறது? கூடவே வேறு குறை ஏதேனும் இருக்கிறதா? குழந்தையின் எதிர்காலம் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையில்தான் இருக்கிறது.

கொடிக்குள் மூன்று குழாய்கள்

பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் குறுக்கே வெட்டிய முனையைக் கிட்டத்தில் பாருங்கள். வெண்மையான, வழவழப்பான, பாகு போன்ற ஒரு பொருளுக்குள் மூன்று துளைகள் தெரியும். இரண்டு சிறியவை. அவற்றின் சுவர் தடித்து, வெட்டிய உடனேயே சுருங்கி, வெள்ளைப் புள்ளிகளாகச் சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கும். அவை தமனிகள். மூன்றாவது பெரியது. சுவர் மெல்லியது, வாய் தளர்ந்து அகன்றிருக்கும். அதுதான் தொப்புள் சிரை.

அந்தப் பாகுக்கு வார்ட்டன் ஜெல்லி என்று பெயர். 17ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயரால் அழைக்கப்படுகிறது. குழந்தை உதைத்தாலும் புரண்டாலும் கொடியை இறுக்கிப் பிடித்தாலும், உள்ளே இருக்கும் குழாய்கள் நசுங்காமல் காப்பது அதன் வேலை. சிரையில் ரத்த அழுத்தம் குறைவு, சுவரும் மெல்லியது. ஆகவே இந்த மெத்தை மிகவும் தேவைப்படுவது அதற்குத்தான். கொடியில் வலியை உணரும் நரம்புகள் இல்லை என்பதால் வெட்டும்போது தாய்க்கும் வலிக்காது, குழந்தைக்கும் வலிக்காது.

‘தமனியில் சுத்த ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். தொப்புள்கொடியில் எல்லாம் தலைகீழ். ஆக்சிஜனும் ஊட்டமும் நிறைந்த ரத்தத்தை நஞ்சுக்கொடியிலிருந்து (பிளசென்டா) குழந்தைக்குக் கொண்டுவருவது சிரை. கழிவுகளைச் சுமந்துகொண்டு நஞ்சுக்கொடிக்குத் திரும்புபவை தமனிகள். காரணம் எளிது. ரத்தக்குழாய்களுக்கு ரத்தத்தின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை, திசையைப் பார்த்து வைக்கிறார்கள். இதயத்தை நோக்கி வருவது சிரை, இதயத்திலிருந்து கிளம்புவது தமனி. இங்கே கணக்கில் கொள்வது குழந்தையின் இதயத்தை.

சுத்த ரத்தம் என்றாலும் நம்முடைய அளவுகோலில் அது சுமாரான ரத்தம்தான். ஆரோக்கியமான பெரியவர்களின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும். தொப்புள் சிரையில் அது ஏறத்தாழ 80 சதவீதம். கருவிலிருக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த ரத்தமே அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு மூளையும் இதயமும் உருவாகின்றன. குறைந்த ஆக்சிஜனையும் இறுக்கிப் பற்றிக்கொள்ளும் தனி வகை ஹீமோகுளோபின் குழந்தையிடம் இருப்பதும், வரும் ரத்தத்தை வீணாக்காமல் பங்கிடும் ஏற்பாடும் சேர்ந்துதான் இதைச் சாத்தியமாக்குகின்றன. அந்தப் பங்கீடு நடக்கும் இடம் கல்லீரல்.

கல்லீரலில் ஒரு குறுக்குவழி

தொப்புள் வழியாக உள்ளே நுழையும் சிரை, வயிற்றின் முன்சுவரை ஒட்டி மேலேறிக் கல்லீரலின் கீழ்விளிம்பில் புகுகிறது. அங்கே, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் வாயிற்சிரையின் இடக்கிளையோடு சேர்கிறது. இந்தச் சந்திப்பில் ரத்தம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி கல்லீரலுக்குள் பரவுகிறது. இன்னொரு பகுதி, கல்லீரலைச் சுற்றாமல் நேராக இதயத்தை நோக்கிப் போகும் ஒரு குறுகிய குழாயில் பாய்கிறது. அதற்கு டக்டஸ் வீனோசஸ் என்று பெயர். 1564இல் இத்தாலிய உடற்கூற்றியலாளர் ஜூலியோ செசாரே அரான்சி இதைப் பற்றி எழுதினார். அதனால் அரான்சியின் நாளம் என்றும் சொல்வார்கள்.

ஊதுகொம்பு போன்ற வடிவம் கொண்ட இந்தக் குழாயின் நுழைவாய், பேறுகாலத்தில்கூட 2 மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் பீய்ச்சி அடிக்கும் அல்லவா, அதுபோல இந்தக் குறுகலில் ரத்தம் வேகமெடுக்கிறது. தொப்புள் சிரையில் மெதுவாக வந்த ரத்தம், இங்கே ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் பாய்ந்து, இதயத்தின் வல மேலறையில் தேங்காமல், இரு மேலறைகளுக்கும் இடையே உள்ள திறப்பின் வழியாக இடப்பக்கம் போய்விடுகிறது. அங்கிருந்து இதயத் தசைக்கும் மூளைக்கும். வீட்டுக்கு வரும் நல்லதை முதலில் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சின்ன உடலுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

தொப்புள் சிரையின் ரத்தத்தில் சுமார் பாதி இந்தக் குறுக்குவழியில் போகிறது என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. செம்மறி ஆட்டுக் கருக்களில் செய்த சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. மனிதக் கருவில் ஊசி குத்தாமல் அளக்க அப்போது வழி இல்லை. 1991இல் நார்வேயைச் சேர்ந்த டோர்விட் கீசருட் குழுவினர், டாப்ளர் அல்ட்ராசவுண்டால் இந்த நாளத்தின் ரத்தவேகத்தை அளந்து ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். அதன்பின் வந்த அளவீடுகள் மனிதர்களின் கணக்கு வேறு என்று காட்டின. 20ஆவது வாரத்தில் குறுக்குவழியில் போவது சுமார் 30 சதவீதம், கடைசி மாதங்களில் 20 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. ஆகப் பெரும்பங்கு கல்லீரலுக்கே போகிறது. வளர்ச்சிக்கான பல சுரப்புகளைச் செய்யும் உறுப்பு அது என்பதால் அதில் வியப்பில்லை. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் வரத்து குறையும்போது குழந்தை கல்லீரலின் பங்கைக் குறைத்து, குறுக்குவழியில் கூடுதலாக அனுப்புகிறது. வயிறு மெலிந்து தலை மட்டும் ஓரளவு வளர்ந்த குழந்தைகள் பிறப்பதற்கு இந்தப் பங்கீடும் ஒரு காரணம்.

சிரையில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது? 20ஆவது வாரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 35 மில்லி. 40ஆவது வாரத்தில் சுமார் 240 மில்லி, அதாவது ஒரு பெரிய டம்ளர் நிறைய.

இரண்டில் ஒன்று மறைய வேண்டும்

கருவின் நான்காம் வாரத்தில் தொப்புள் சிரை ஒன்றல்ல, இரண்டு. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. நடுவில் கல்லீரல் வளரத் தொடங்கியதும் இரண்டும் அதன் வலைப்பின்னலில் சிக்குகின்றன. ஆறாம் ஏழாம் வாரங்களில் வலது சிரை மெல்ல மறைந்துபோகிறது. இடது சிரை நிலைத்து, டக்டஸ் வீனோசஸோடு இணைந்து, முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது. சிலருக்கு இது மாறி நடந்துவிடுகிறது. இடது மறைந்து வலது நிற்கிறது, அல்லது இரண்டுமே நிற்கின்றன. முதலில் சொன்ன அறிக்கை வரியின் பொருள் இதுதான். தொப்புள் சிரைக் கோளாறுகளில் ஸ்கேனில் அதிகம் தென்படுவதும் இதுவே. பல ஆய்வுகளில் ஏறத்தாழ 500 கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற அளவில் பதிவாகியிருக்கிறது. சில ஆய்வுகளில் இதைவிடக் குறைவு.

இதைக் கண்டுபிடிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, ஏனென்றால் அதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். குழந்தையின் வயிற்றுச் சுற்றளவை அளக்க ஒவ்வொரு ஸ்கேனிலும் வயிற்றின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை எடுப்பார்கள். திரையில் ஒரு வட்டம் தெரியும். ஒரு பக்கம் முதுகெலும்பு. இடப்பாதியில் கருங்குமிழாக இரைப்பை. நடுவில், முன்பக்கத்திலிருந்து உள்நோக்கி வரும் ஒரு கறுப்புக் கோடு, அதுதான் சிரை. வழக்கமாக அந்தக் கோடு உள்ளே போய் இரைப்பைக்கு எதிர்ப்புறமாக, வலப்பக்கம் வளையும். பித்தப்பை சிரைக்கு வலப்பக்கம் இருக்கும். வலது சிரை நிலைத்துவிட்ட குழந்தையில் அந்தக் கோடு இரைப்பையை நோக்கி வளையும். பித்தப்பை, சிரைக்கும் இரைப்பைக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தால் போதும். உலகெங்கும் எண்ணற்ற ஸ்கேன்களில் ஒவ்வொரு நாளும் எடுக்கப்படும் படம் அது. பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு மட்டும் தெரியும்.

இதைப் பற்றிய பழைய கட்டுரைகள் ஏன் அவ்வளவு பயமுறுத்துகின்றன? அவற்றில் பல, பல குறைகளோடு இறந்த குழந்தைகளின் பிரேதப் பரிசோதனையில் கண்டதை எழுதியவை. இறந்த குழந்தைகளில் மட்டும் ஒன்றைத் தேடினால், அது இறப்போடு தொடர்புடையதாகத்தான் தெரியும். 1990களில் எல்லாத் தாய்மார்களின் ஸ்கேனிலும் இதைத் தேடிப் பார்க்கத் தொடங்கியபோது படம் மாறியது. வலது சிரை நின்றுவிட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்தச் சிரை கல்லீரலுக்குள்ளேயே போய், டக்டஸ் வீனோசஸ் வழியாகவே வெளியேறுகிறது. வேறு குறை இல்லாத அப்படிப்பட்ட குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே பிறந்து வளர்கிறார்கள். ரத்தம் வேறு தெரு வழியாக வந்தாலும் அதே வீட்டுக்குத்தான் வந்து சேருகிறது. பழைய கட்டுரையைப் படித்துவிட்டு நடுங்குபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான்: அந்த ஆய்வு யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள்.

சிறுபான்மையினரில் வலது சிரை கல்லீரலைத் தொடாமல், வெளியே சுற்றிக்கொண்டு போய், உடலின் ரத்தத்தை இதயத்துக்குச் சேர்க்கும் பெருஞ்சிரையிலோ நேரடியாக இதயத்தின் வல மேலறையிலோ கலக்கிறது. இது கவனத்தோடு பார்க்க வேண்டிய நிலை. இதயம், சிறுநீரகம் போன்றவற்றில் வேறு குறைகள் சேர்ந்திருக்கும் வாய்ப்பு இதில் அதிகம். எனவே வலது சிரை என்று தெரிந்ததும் மருத்துவர்கள் செய்வது, குழந்தையின் மற்ற உறுப்புகளை ஒருமுறை விரிவாகப் பார்ப்பது, இதயத்துக்குத் தனியாக எக்கோ எடுப்பது, டக்டஸ் வீனோசஸ் இருக்கிறதா என்று தேடுவது. வேறு குறைகளும் சேர்ந்திருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசுவார்கள். தனியாக, கல்லீரலுக்குள்ளேயே இருந்தால் சிகிச்சை எதுவும் தேவையில்லை. பிரசவ முறையையும் இதற்காக மாற்ற வேண்டியதில்லை.

குறுக்குவழி இல்லாத குழந்தை

டக்டஸ் வீனோசஸ் உருவாகாமலே போவதும் உண்டு. அப்போதும் கேள்வி அதேதான்: சிரை எங்கே போய்ச் சேருகிறது? கல்லீரலுக்குள் பரவினால் குழந்தை பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். கல்லீரலை விட்டுவிட்டு அகலமான ஒரு குழாயாக நேரே பெருஞ்சிரைக்கோ இதயத்துக்கோ போனால் இரண்டு தொல்லைகள். ஒன்று, வழியில் அந்த 2 மில்லிமீட்டர் குறுகல் இல்லாததால் நஞ்சுக்கொடியின் ரத்தம் தடையின்றி இதயத்தில் வந்து கொட்டுகிறது. இதயம் வீங்கி, தளர்ந்து, உடலெங்கும் நீர் கோத்துக்கொள்ளலாம். இரண்டாவது கண்ணுக்கு உடனே தெரியாதது. கல்லீரலின் வாயிற்சிரை ஒழுங்காக உருவாக, கருக்காலத்தில் தொப்புள் சிரையின் ரத்தம் அதன் வழியே ஓட வேண்டும். அது வராவிட்டால் வாயிற்சிரை மெலிந்தோ இல்லாமலோ போகலாம். இந்தக் குழந்தைகளுக்குப் பிறந்த பிறகும் கல்லீரல் ரத்தக்குழாய்களைப் பார்க்க ஸ்கேன் எடுப்பது அதனால்தான். பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்ற மகிழ்ச்சியில் இந்த ஸ்கேன் விட்டுப்போகக் கூடாது.

விரிந்த சிரை

அறிக்கையில் வரக்கூடிய இன்னொரு வரி, வயிற்றுக்குள் சிரை விரிந்திருப்பது. மருத்துவர்கள் வேரிக்ஸ் என்பார்கள். 15ஆவது வாரத்தில் தொப்புள் சிரையின் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர், பேறுகாலத்தில் சுமார் 8. ஓரிடத்தில் 9 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கல்லீரலுக்குள் இருக்கும் பகுதியைவிட ஒன்றரை மடங்கு அகலமாக இருந்தாலோ வேரிக்ஸ் என்று குறிப்பது வழக்கம். பெரும்பாலும் வயிற்றுச்சுவரைத் தாண்டி, கல்லீரலை எட்டுவதற்கு முன்னுள்ள பகுதியில்தான் இது வரும். அந்த இடத்தில் சிரைக்கு ஜெல்லியின் மெத்தையும் இல்லை, கல்லீரலின் அணைப்பும் இல்லை.

சாதாரண ஸ்கேன் படத்தில் இது ஒரு நீர்க்கட்டி போலவே இருக்கும். குடலில் கட்டியோ, சினைப்பையில் கட்டியோ என்று தோன்றும். நிற டாப்ளரைப் போட்டதும் அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் சிவப்பும் நீலமும் சுழலும். கட்டியல்ல, ஓடும் ரத்தம் என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.

இங்கேயும் ஆய்வுகளின் கதை அதேபோலத்தான் போனது. தொடக்கத்தில் வெளிவந்த, ஒருசில குழந்தைகளை மட்டும் கொண்ட சிறிய தொகுப்புகளில் கருவிலேயே இறந்த குழந்தைகளின் பங்கு அச்சமூட்டும் அளவுக்கு இருந்தது. பிறகு வந்த பெரிய தொகுப்புகளில், வேறு எந்தக் குறையும் இல்லாமல் வேரிக்ஸ் மட்டும் இருந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகப் பிறந்தார்கள். வேறு குறைகளும் சேர்ந்திருந்தவர்களிடம்தான் ஆபத்து கூடியது. ஆனால் வலது சிரையைப் போல இதை முழுதாகக் கவலையற்றது என்று ஒதுக்கிவிட மருத்துவர்கள் தயங்குகிறார்கள். விரிந்த இடத்தில் ரத்தம் சுழன்று தேங்கினால் உறையலாம் என்பதுதான் அந்தத் தயக்கத்துக்குக் காரணம். எனவே அடுத்தடுத்து ஸ்கேன் எடுத்து, விரிவு கூடுகிறதா, உள்ளே சுழல் இருக்கிறதா, இதயம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். எவ்வளவு அடிக்கடி பார்ப்பது, பிரசவத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்வதா, முழுக்காலம் காத்திருப்பதா என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவருக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சான்றுகள் அந்த அளவில்தான் இருக்கின்றன.

சிரையில் ரத்தம் உறைவது அரிது, ஆனால் கடுமையானது. கொடியின் மூன்று குழாய்களில் உறைவு அதிகம் நேர்வது சிரையில்தான். கொடி மிகையாக முறுக்கிக்கொள்வது, முடிச்சு விழுவது, கொடி நஞ்சுக்கொடியில் நடுவே பொருந்தாமல் சவ்வில் ஒட்டிக்கொண்டு அதன் குழாய்கள் ஜெல்லியின் காப்பின்றி ஓடுவது ஆகியவை இதற்கு வழிவகுக்கக்கூடும். வெளியே தெரியக்கூடிய அறிகுறி பெரும்பாலும் ஒன்றுதான், குழந்தையின் அசைவு குறைவது. கடைசி மாதங்களில் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாப்ளரில் இன்னொன்றையும் கவனிப்பார்கள். தொப்புள் சிரையில் ரத்தம் ஆற்று நீர் போல ஒரே சீராக ஓட வேண்டும். முதல் மூன்று மாதங்களில் அது இதயத்தோடு சேர்ந்து துடிப்பது இயல்பு. பிற்பாடு, குழந்தை மூச்சுவிடுவது போல மார்பை அசைக்கும்போது அலையலையாகத் தெரிவதும் இயல்பு. ஆனால் குழந்தை அமைதியாக இருக்கும்போதே இதயத்துடிப்போடு ஒட்டிய துடிப்பு சிரையில் தெரிந்தால், இதயத்தின் சிரமம் பின்னோக்கி வந்து சிரைவரை எட்டிவிட்டது என்று பொருள்.

மருத்துவர்களின் நுழைவாயில்

கருவிலிருக்கும் குழந்தைக்கு ரத்தம் ஏற்ற முடியும் என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள். தாயின் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ், குழந்தையின் ரத்தம் பாசிட்டிவ் என்று இருந்து, தாயின் எதிர்ப்பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்கினால் குழந்தை கருவிலேயே சோகை பிடித்து இறக்கலாம். 1963இல் நியூசிலாந்தின் வில்லியம் லைலி, கருவின் வயிற்றறைக்குள் ரத்தத்தைச் செலுத்திக் காட்டினார். 1982இல் டென்மார்க்கில் ஜென்ஸ் பாங் குழுவினர் அல்ட்ராசவுண்டைப் பார்த்துக்கொண்டே கல்லீரலுக்குள் இருக்கும் தொப்புள் சிரையில் ஊசியைச் செலுத்தி ரத்தம் ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு பாரிஸில் ஃபெர்னாண்ட் டாஃபோஸ், கொடியிலிருந்தே கருவின் ரத்தத்தை எடுக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் ஊசி தேடுவது சிரையைத்தான். அது அகலம், தமனியைக் குத்தினால் அது இறுகிக் குழந்தையின் இதயத்துடிப்பு சரியும் ஆபத்து அதிகம்.

பிறந்த பிறகும் சில நாள்கள் இந்த வாசல் திறந்திருக்கிறது. 1940களில் அமெரிக்காவின் லூயிஸ் டயமண்ட், தொப்புள் சிரைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நுழைத்துப் பிறந்த குழந்தையின் ரத்தத்தை மாற்றும் முறையை வகுத்தார். இன்று ஒரு கிலோகூட எடை இல்லாத குறைமாதக் குழந்தைக்கு மருந்தும் ஊட்டமும் போவது பல நேரம் இதே வழியில்தான். கையில் நூல்போல் ஓடும் சிரைகளைத் தேடிக் குத்துவதைவிட, தொப்புளில் அகன்று கிடக்கும் அந்த மூன்றாவது துளையில் குழாயை விடுவது எளிது. ஆனால் குழாயின் நுனி டக்டஸ் வீனோசஸைக் கடந்து, இதயத்தின் வாசலில் நிற்க வேண்டும். வழிதவறிக் கல்லீரலுக்குள் நின்றுவிட்டால் அங்கே திசுவைப் புண்படுத்தலாம், வாயிற்சிரையில் உறைவை உண்டாக்கலாம். அதனால்தான் குழாய் போட்டதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள்.

தூக்கி எறிந்த கொடியிலிருந்து

பிரசவம் முடிந்ததும் கொடி குப்பைக்குப் போகிறது. 1973இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃப் குழுவினர் அந்தக் கொடிகளைப் பத்திரமாக எடுத்துவந்தார்கள். நம் ரத்தக்குழாய்களின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக ஓர் உயிரணுப் படலம் இருக்கிறது, எண்டோதீலியம் என்று பெயர். மாரடைப்பு, பக்கவாதம், அழற்சி என எதை ஆராய்ந்தாலும் அதில்தான் வந்து முட்ட வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கும் மனிதரிடமிருந்து அதைச் சுரண்டி எடுக்க முடியாது. கொடியின் சிரையோ நீளமானது, நேரானது, கிளைகளே இல்லாதது, யாருக்கும் தேவைப்படாதது.

செய்முறை எளிது. சிரையின் ஒரு முனையில் சிறு குழாயைச் செருகி, உப்புக்கரைசலால் ரத்தத்தை அலசிவிடுவார்கள். மறுமுனையைக் கவ்வியால் அடைத்து, கொலாஜினேஸ் என்ற நொதியை உள்ளே நிரப்புவார்கள். அதை 37 டிகிரி வெப்பத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் உட்படலத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் பசை கரைந்துபோகும். பிறகு அலசி வடித்தால், அந்தக் கலங்கிய நீரில் உயிரணுக்கள் மிதந்து வரும். ஊட்டநீர் ஊற்றிய தட்டில் விட்டால் சில நாள்களில் கூழாங்கற்களை நெருக்கிப் பதித்த தரைபோல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு படரும். அவை உண்மையிலேயே எண்டோதீலியம்தானா என்பதற்கு, அந்த வகை உயிரணுக்களுக்கே உரிய நுண்துகள்களையும், ரத்தம் உறைவதற்குத் தேவையான வான் வில்லபிராண்ட் புரதத்தையும் அவற்றில் கண்டது சான்றானது. 1977இல், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் புரோஸ்டாசைக்ளின் என்ற பொருளை இவ்வுயிரணுக்களே சுரக்கின்றன என்று வெக்ஸ்லர், மார்க்கஸ், ஜாஃப் மூவரும் காட்டினார்கள். புதிய ரத்தக்குழாய்கள் எப்படி முளைக்கின்றன, வெள்ளணுக்கள் குழாய்ச்சுவரில் எப்படி ஒட்டுகின்றன என்று அன்றுமுதல் இன்றுவரை நடந்துவரும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த உயிரணுக்களில்தான் நடக்கிறது.

குறையும் உண்டு. இவை கருவின் சிரையிலிருந்து வந்தவை. மாரடைப்பு வருவதோ வயதானவரின் தமனியில். ஒவ்வொரு கொடியின் உயிரணுவும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும், சில தலைமுறை பெருகியதும் களைத்துவிடும். எனினும் இந்த வேறுபாடே சில நேரம் ஆய்வுக்கு உதவுகிறது. கர்ப்பகால நீரிழிவு உள்ள தாயின் கொடியிலிருந்து எடுத்த உயிரணுக்களையும் மற்றத் தாய்மார்களுடையதையும் ஒப்பிட்டு, தாயின் சர்க்கரை குழந்தையின் ரத்தக்குழாயில் என்ன தடம் விட்டிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

சிரையை முழுதாகவே பயன்படுத்தவும் முயன்றார்கள். 1970களில் அமெரிக்காவின் ஹெர்பர்ட் டார்டிக், கொடியின் சிரையை வேதிப்பொருளால் பதப்படுத்தி, மேலே பாலியெஸ்டர் வலை சுற்றி, காலில் ரத்தக்குழாய் அடைத்துப்போனவர்களுக்கு மாற்றுக்குழாயாகப் பொருத்தினார். பலருக்கு அது காலைக் காப்பாற்றியது. ஆண்டுகள் போகப் போகச் சில குழாய்கள் ஆங்காங்கே புடைத்துக்கொண்டன. பிறகு அதன் பயன்பாடு குறைந்தது.

மூடிய பிறகு

குழந்தை பிறந்ததும் தமனிகள் முதலில் இறுகுகின்றன, சிரை கொஞ்சம் தாமதமாக. அந்த இடைவெளியில் நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் ரத்தம் சிரை வழியாகக் குழந்தைக்குள் வந்து சேர்கிறது. கொடியை இறுக்குவதற்கு முன் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்காகத்தான். கைக்குழந்தைப் பருவத்தில் சோகை வராமல் காக்கும் இரும்புச்சத்து அந்த ரத்தத்தில் இருக்கிறது.

பிறகு சிரை மெல்லச் சுருங்கி, தொப்புளிலிருந்து கல்லீரல்வரை போகும் ஒரு நார்க்கயிறாக மாறிவிடுகிறது. இதைப் படிக்கும் உங்கள் வயிற்றுக்குள்ளும் அது இருக்கிறது. கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் நோயில் வாயிற்சிரையின் அழுத்தம் ஏறி, ரத்தம் வேறு வழி தேடும்போது, இந்தக் கயிற்றை ஒட்டிய சிறு சிரைகள் விரிந்து, தொப்புளைச் சுற்றிப் பாம்புகள் நெளிவது போலப் புடைத்துத் தெரியும். கிரேக்கப் புராணத்தின் பாம்புக் கூந்தல்காரி மெதூசாவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். திறப்பது பழைய சிரையே என்று நெடுங்காலம் நம்பினார்கள். பெரும்பாலும் பக்கத்துச் சிரைகள்தான் என்பது இப்போதைய புரிதல்.

ஆனால் பழைய சிரையும் அடியோடு அழிந்துவிடுவதில்லை. பலருக்கு அந்தக் கயிற்றின் நடுவே மயிரிழை போன்ற பாதை ஒன்று எஞ்சியிருக்கிறது. கல்லீரல் அறுவை சிகிச்சையில், வெட்டிய ஒரு சிரையை இணைக்கத் துண்டுக்குழாய் தேவைப்படும்போது, சில மருத்துவர்கள் இந்தக் கயிற்றையே எடுத்து, அந்தப் பாதையில் மெல்லிய கம்பியை விட்டு, மெதுவாக அகலப்படுத்துகிறார்கள். பல பத்தாண்டுகளாக மூடிக்கிடந்த சிரை திறந்துகொள்கிறது. அதைத் தைத்து இணைத்ததும், அதன் வழியாக மறுபடியும் ரத்தம் ஓடுகிறது.